ரிசாலின் நாவல்களில் எதிர்ப்பு எங்கே இருக்கிறது?

வணக்கம் ஐயா,

நீங்கள் சொன்னதால், ஸ்பெயின் ஆண்ட காலத்துப் பிலிப்பைன்ஸ் எழுத்தாளர் ஹொசே ரிசாலின் ‘நோலி மே டாங்கெரே’ நாவலை ஆங்கிலத்தில் படித்து முடித்தேன். ஏமாற்றமாக இருந்தது. கொடூரமான பாதிரியார், மறைக்கப்பட்ட பிறப்பு ரகசியம், கன்னிமாடத்துக்குப் போய்விடும் காதலி, பைத்தியமாகும் தாய் என்று பழைய சினிமா மாதிரி இருக்கிறது. நாயகன் இபார்ரா பள்ளிக்கூடம் கட்டினால் ஊர் திருந்திவிடும் என்று நம்புகிறான். ரிசாலே ஆயுதக் கிளர்ச்சியைக் கண்டித்து அறிக்கை எழுதியவராம். பிறகு எப்படி இதைக் காலனிய எதிர்ப்பின் பெரிய நாவல் என்கிறீர்கள்?

அன்புடன்,
ம.

அன்புள்ள ம.,

மெலோடிராமா இருக்கிறது, மறுக்கமாட்டேன். 1887இல் நண்பர் ஒருவர் கொடுத்து உதவிய பணத்தில் பெர்லினில் அச்சான புத்தகம் அது, அப்போது ரிசாலுக்கு 25 வயதுதான். ஆனால் நீங்கள் எதிர்ப்பை இபார்ராவின் பேச்சில் தேடியிருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. அவன் பேசுவதை விடுங்கள், அவனுக்கு என்ன நடக்கிறது என்று பாருங்கள்.

ஏழு வருஷம் ஐரோப்பாவில் இருந்துவிட்டு வந்தவன் அப்பாவின் கல்லறையைத் தேடிப் போகிறான். கல்லறை இல்லை. பெரிய பாதிரியார் சொன்னதால் பிணத்தைத் தோண்டி எடுத்தேன், சீனர்களின் இடுகாட்டுக்குக் கொண்டுபோகச் சொன்னார், மழை, பிணமோ கனம், ஏரியில் போட்டுவிட்டேன் என்கிறான் குழிவெட்டி. சாதாரணமாகச் சொல்கிறான், தான் செய்ததில் தப்பு இருப்பதாகவே அவனுக்குப் படவில்லை. ஸ்பெயினின் அதிகாரம் என்பது அந்த ஊர்களில் எது என்று இந்த ஒரு காட்சியில் தெரிந்துவிடுகிறது. கவர்னர்கள் வருவார்கள், போவார்கள்; ஊரில் நிலையாக இருந்தவர் துறவி சபைப் பாதிரியார்தான். ஞானஸ்நானம், கல்யாணம், பள்ளிக்கூடம், அடக்கம் எல்லாம் அவர் கையில். பல இடங்களில் நிலமும் அவர்கள் சபையுடையதுதான்.

அந்த நிலத்தைப் பற்றித்தான் 1891இல் கெண்ட் நகரில் அச்சான இரண்டாம் நாவல் ‘எல் ஃபிலிபுஸ்டெரிஸ்மோ’ (சுருக்கமாக ஃபிலி) பேசுகிறது. என்னைக் கேட்டால் நோலியைவிட இதுதான் பெரிய சாதனை. அதில் தாலெஸ் என்று ஒரு விவசாயி. காட்டைத் திருத்தி வயலாக்குகிறான், அந்த வேலையிலேயே காய்ச்சல் கண்டு மனைவியும் மூத்த மகளும் சாகிறார்கள். விளைச்சல் கைக்கு வரும் நேரத்தில் இது எங்கள் நிலம் என்று துறவி சபை வந்து நிற்கிறது. முதலில் சின்னக் குத்தகை, அப்புறம் வருஷா வருஷம் ஏற்றி ஏற்றி 200 பெசோ. வழக்குப் போடுகிறான், தோற்கிறான். துப்பாக்கியோடு வயலைக் காவல் காக்கிறான், அதைப் பிடுங்குகிறார்கள். வெட்டுக்கத்தி எடுத்துக்கொள்கிறான், அதையும் பிடுங்குகிறார்கள். கடைசியில் அப்பாவின் பழைய கோடரியைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கிறான்.

இது கற்பனையாகப் பிறந்ததில்லை. ரிசாலின் குடும்பம் சொந்த ஊரான கலாம்பாவில் டொமினிக்கன் என்ற துறவி சபையின் நிலத்தில் குத்தகைதாரர்கள். குத்தகைத் தகராறு வழக்காகி, தோற்று, ஃபிலி எழுதப்பட்டுக்கொண்டிருந்த அதே காலத்தில் ராணுவத்தை ஏவி அந்தக் குடும்பத்தையும் ஊர்க்காரர்கள் பலரையும் வெளியேற்றினார்கள். அந்த ஆத்திரம் அடங்காமல்தான் அந்த அத்தியாயத்தை எழுதியிருக்கிறார் என்றே நான் படிக்கிறேன்.

சரி, அறிக்கை விஷயம். உண்மைதான், 1896 டிசம்பரில் ஸ்பெயினுக்கு எதிரான ஆயுதக் கிளர்ச்சியைச் சிறையிலிருந்து கண்டித்து எழுதினார். அதே மாதம் 30ஆம் தேதி மணிலாவின் பகும்பாயன் மைதானத்தில் ஸ்பானிய அரசு அவரைச் சுட்டுக்கொன்றது. அவர் என்ன நினைத்தார் என்பதைவிட நாவல்கள் என்ன செய்தன என்பதை அந்த அரசு சரியாகவே புரிந்துகொண்டிருந்தது. கிளர்ச்சி நடத்திய கட்டிபுனான் இயக்கத்தைத் தொடங்கிய ஆந்த்ரேஸ் பொனிஃபாசியோ, ரிசாலின் நாவல்களைப் படித்தவர்.

அவருடைய தயக்கம் ஃபிலியில் வெளிப்படையாகவே இருக்கிறது. கல்யாண வீட்டில் எல்லா அதிகாரிகளும் கூடியிருக்கும்போது வெடிமருந்து நிரப்பிய விளக்கு வைக்கப்படுகிறது. காதலியைக் காப்பாற்ற ஓர் இளைஞன் அதைத் தூக்கி ஆற்றில் எறிகிறான். அவன் செய்தது சரியா என்று ரிசாலுக்கே தெரியவில்லை, தெரிந்த மாதிரி அவர் பாவனையும் செய்யவில்லை. எதிர்ப்பு நாவல் என்றால் வாசகனுக்குத் துப்பாக்கி எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று நாம் எதிர்பார்ப்பதால்தான் இது பலவீனமாகத் தெரிகிறது. எனக்கு இந்த நேர்மை பெரிதாகப் படுகிறது.

ஃபிலியை எடுங்கள். முதல் இரண்டு அத்தியாயங்களில் நீராவிக் கப்பலின் மேல்தளத்தில் யார், கீழ்த்தளத்தில் யார் என்று கவனியுங்கள், நாலாவது அத்தியாயத்தில் தாலெஸ் வருவான். அவனுடைய வயதான அப்பா செலோவையும் பட்டாளத்துக்குப் போன மகன் தானோவையும் கடைசிவரை மறக்காமல் தொடருங்கள். அவர்கள் மறுபடி சந்திக்கும் இடத்தைப் படித்துவிட்டு எழுதுங்கள்.