ஃபேன் ஓடட்டும், தாத்தா பேசட்டும்

கேள்வி: என் தாத்தாவுக்கு 85 வயது. பின்னி மில்லில் தறி ஓட்டியவர். அவரை வீட்டிலேயே பேசவைத்து வீடியோ எடுக்க ஆசை. ஒரே ஹால், ஒட்டினாற்போல சமையலறை, கையில் செல்போன் மட்டும்தான். ஃபேனை நிறுத்தினால் அவருக்கு வியர்த்துக் கொட்டுகிறது, ஓடவிட்டால் குரல் சரியாகக் கேட்கவில்லை. என்ன செய்வது?
– வாசகி, வியாசர்பாடி

பதில்: ஃபேனை நிறுத்தாதீர்கள். சென்னை வெயிலில் 85 வயதுக்காரரைப் புழுக்கத்தில் உட்காரவைத்து எடுக்கும் வீடியோ எவ்வளவு தெளிவாக இருந்தாலும் வேண்டாம். அவர் எப்போது முடியும் என்றுதான் பார்த்துக்கொண்டிருப்பார், கதை வராது.

குரல் கேட்காததற்குக் காரணம் ஃபேன் மட்டுமில்லை, போன் அவரிடமிருந்து ஐந்தாறு அடி தள்ளி இருப்பதுதான். ரிச்சி தெருவில் காலர் மைக் சில நூறு ரூபாயிலிருந்தே கிடைக்கிறது. தாடைக்கு ஒரு சாண் கீழே சட்டையில் குத்திவிடுங்கள், தோளில் துண்டு போடுகிறவர் என்றால் அது மைக்கில் உரசாமல் பார்த்துக்கொள்ளுங்கள், நாற்காலியை ஃபேனுக்கு நேர் கீழே போடாமல் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். மைக் வாங்க முடியவில்லையா, இன்னொரு போனில் ரெக்கார்டரை ஓடவிட்டு அவர் சட்டைப் பையில் வைத்துவிட்டு, ஆரம்பத்தில் ஒருமுறை கைதட்டுங்கள். படத்தையும் ஒலியையும் பிறகு அந்தத் தட்டலை வைத்து ஒட்டிக்கொள்ளலாம். ஃபிரிட்ஜை மட்டும் அணைத்துவிடுங்கள். அணைக்கும்போது வீட்டுச் சாவியையோ வண்டிச் சாவியையோ அதற்குள் வைத்துவிட்டால், திரும்பப் போட மறக்கவே மாட்டீர்கள். குக்கரை முன்கூட்டியே இறக்கிவிடச் சொல்லுங்கள்.

வெளிச்சத்துக்கு ஜன்னல் போதும். அது அவருக்குப் பக்கவாட்டில் இருக்கட்டும், முதுகுக்குப் பின்னால் இருந்தால் முகம் கறுத்துவிடும். டியூப்லைட் போட்டே ஆகவேண்டுமென்றால் போன் கேமராவில் நொடிக்கு 25 ஃபிரேம் (படம்) எடுக்கும் வசதி இருக்கிறதா பாருங்கள், நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அதில் படம் மினுக்குவது குறையும். போனைப் படுக்கைவசமாக வைத்து ஏரோப்ளேன் மோடு போடுங்கள். ஒரு நிமிடம் சோதனையாக எடுத்து இயர்போனில் கேட்டுவிட்டு அப்புறம் தொடங்குங்கள்.

அவர் தினமும் உட்காரும் நாற்காலியிலேயே உட்காரட்டும். பின்னால் இருக்கும் தினசரி காலண்டர், சாமி படம், பீரோ எதையும் நகர்த்தாதீர்கள், அதுவும் அவர் கதையில் சேர்ந்ததுதான். நீங்கள் போனை ஒட்டி, அவர் கண் மட்டத்தில் உட்காருங்கள். பல வருஷம் தறிச் சத்தத்தில் நின்றவர்களுக்குக் காது மந்தமாவது சகஜம், எந்தக் காது நன்றாகக் கேட்குமோ அந்தப் பக்கம் உட்காருவது நல்லது. மாமா, சித்தப்பா யாரும் கூட இருக்க வேண்டாம். "அது 77 இல்லப்பா, 78" என்று ஒருவர் திருத்திவிட்டால் அதற்கப்புறம் அவர் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அவர்கள் முகத்தைப் பார்ப்பார். பாட்டி இருக்கிறார் என்றால் அவரை இன்னொரு நாள் தனியாக எடுங்கள். மில் சம்பளம் வீட்டில் எப்படிச் செலவானது என்பது அவருக்குத்தான் தெரியும்.

கேள்விகளுக்கு முன்னால் கொஞ்சம் படித்துவிட்டுப் போங்கள். மெட்ராஸ் தொழிலாளர் சங்கம் 1918-ல் அந்த மில் தொழிலாளர்களை வைத்துத்தான் தொடங்கியது, 1921-ல் பெரிய வேலைநிறுத்தம், 1996-ல் மில் மூடியது. இதையெல்லாம் அவர் வாயிலிருந்து வாங்குவதற்காக நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். "மில் வாழ்க்கை எப்படி இருந்தது தாத்தா?" என்று கேட்டால் "நல்லாத்தான் இருந்துச்சு" என்று முடித்துவிடுவார். மில் சங்கு ஊதும்போது எங்கே இருப்பீங்க, முதல் சம்பளத்தை யார் கையில கொடுத்தீங்க, மூடப்போறாங்கன்னு யார் வந்து சொன்னாங்க என்று கேளுங்கள். அவர் நிறுத்தினால் மனசுக்குள் பத்து எண்ணுங்கள். நல்ல விஷயம் பெரும்பாலும் அந்த மௌனத்துக்குப் பிறகுதான் வருகிறது. கண் கலங்கினால் முகத்தை நெருக்கமாகக் காட்டப் போகாதீர்கள், தண்ணீர் கொடுங்கள், நிறுத்தலாமா என்று கேளுங்கள். ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் போதும்.

கேள்வி: 1960 வாக்கில் டிராமில் ஏறிப் பள்ளிக்கூடம் போனதாகப் பாட்டி வீடியோவில் சொல்கிறார். டிராம் 1953-லேயே நின்றுவிட்டதே! அந்த இடத்தை வெட்டிவிடலாமா?
– வாசகர், மயிலாப்பூர்

பதில்: வெட்டவே கூடாது, நடுவில் குறுக்கிட்டுத் திருத்தவும் கூடாது. வருஷத்தைச் சரிபார்க்க வேண்டுமானால், "அப்ப பெரியம்மாவுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா பாட்டி?" என்று கேளுங்கள். நம் வீட்டுப் பெரியவர்களுக்குக் காலண்டரைவிடக் கல்யாணமும் பிரசவமும் நன்றாக ஞாபகம் இருக்கும். சரியான வருஷத்தைத் தனிக் குறிப்பாக எழுதி வீடியோவுடன் வையுங்கள். தவறான ஞாபகத்துக்கும் மதிப்பு உண்டு. இத்தாலியில் தெர்னி என்ற ஊரில் 1949-ல் போலீஸ் சுட்டு ஒரு தொழிலாளி இறந்தார். பல வருஷம் கழித்து அந்த ஊர்க்காரர்களைப் பேட்டி எடுத்த வாய்மொழி வரலாற்று ஆய்வாளர் அலெஸ்ஸாண்ட்ரோ போர்ட்டெல்லியிடம் பலர் அந்தச் சாவை 1953-ல் நடந்ததாகச் சொன்னார்கள். 1953 அங்கே ஆலையில் ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்த வருஷம். அந்தத் தொழிலாளியின் சாவுக்குத் தகுந்த காரணம் இருந்திருக்க வேண்டும் என்று அவர்கள் மனசு நினைத்திருக்கிறது. உங்கள் பாட்டிக்கும் 1960-ல் ஏதோ இருந்திருக்கும், கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: அத்தையை எடுத்த வீடியோவை வாட்ஸ்அப் குடும்ப குரூப்பில் போட்டுவிட்டேன், போனில் அழித்துவிடலாம்தானே?
– வாசகர், அம்பத்தூர்

பதில்: அழிக்காதீர்கள்! வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் சுருக்கித்தான் போகும், அசல் உங்கள் போனில் மட்டும்தான் இருக்கிறது. இன்றைக்கே ஒரு ஹார்ட் டிஸ்கிலும் ஆன்லைன் சேமிப்பிலும் ஏற்றுங்கள், மூன்றாவது பிரதி வேறு யார் வீட்டிலாவது இருக்கட்டும். வெள்ளம் வந்தால் ஒரே வீட்டில் இருக்கும் மூன்று பிரதியும் சேர்ந்தேதான் போகும்.

அப்புறம் ஒன்று, குரூப்பில் போடுமுன் அத்தையிடம் கேட்டீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லையே. பேசியவர் அவர். எது உறவுக்காரர்கள் பார்க்கலாம், எது வீட்டோடு இருக்க வேண்டும் என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். உட்காரவைத்து முழுதாகப் போட்டுக் காட்டுங்கள், வேண்டாம் என்று சொல்லும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள், அதுவரை குரூப்பிலிருந்து எடுத்துவிடுங்கள்.