விடியப்புறம் லொறி, நடுச்சாமம் வரை ஸ்பீக்கர்: சட்டம் எதுவரை வரும்?

கேள்வி: திருகோணமலை நகருக்குள், மரக்கறிச் சந்தைக்குப் பக்கத்து ஒழுங்கையில் இருக்கிறோம். விடியப்புறம் 3 மணிக்கே லொறி வந்து இறக்கத் தொடங்கிவிடும், கேற்றை மறித்து ஆட்டோக்கள் நிற்கும். திருவிழா, புதுவருட விளையாட்டுப்போட்டி என்றால் நடுச்சாமம் தாண்டியும் ஒலிபெருக்கி. மாமி இருதய நோயாளி. வழக்குப் போட்டுச் சந்தையை வேறு இடத்துக்கு மாற்றலாமா?

பதில்: சந்தையை மாற்றுகிற வழக்கு வேண்டாம் தங்கச்சி, காசும் காலமும்தான் போகும். மூதூர், கிண்ணியா, தம்பலகாமப் பக்கத்துச் சனமெல்லாம் அதை நம்பி வருகிறது, நானே ஞாயிற்றுக்கிழமை பையோடு அங்கே நிற்கிறவன். ஆனால் ஊருக்குப் பயன்படுகிறது என்பதற்காக என்னவும் செய்யலாம் என்றில்லை. தண்டனைச் சட்டக்கோவை 261ஆம் பிரிவு, ஒரு வசதியோ நன்மையோ கிடைக்கிறது என்பதால் பொதுத் தொல்லை மன்னிக்கப்படாது என்று தெளிவாகவே சொல்கிறது. அதனால் நேரத்தையும் சத்தத்தையும் கேற்றையும் மட்டும் பிடியுங்கள்.

உங்கள் கை பலமாக இருப்பது ஒலிபெருக்கி விஷயத்தில். அதற்குப் பொலிஸ் கட்டளைச் சட்டம் 80ஆம் பிரிவின்படி அனுமதி வேண்டும். வெலிகமவிலிருந்து வந்த வழக்கொன்றில் உயர் நீதிமன்றம் 2007 நவம்பரில், இரவு 10 முதல் காலை 6 வரை மனிதர் தூங்குகிற நேரம், அதற்கு அனுமதி கொடுக்கக்கூடாது என்றது. பகலில் கொடுத்தாலும் சத்தம் அந்த வளவைத் தாண்டக்கூடாது. கோயிலோ பள்ளிவாசலோ விகாரையோ தேவாலயமோ, எல்லாருக்கும் ஒரே அளவுகோல். சமய விழாவுக்கும் விசேட நிகழ்வுக்கும் நேரத்தைத் தளர்த்தலாம், ஆனால் அதற்கு முன் அயலில் இருப்பவர்களின் கருத்தைக் கேட்கவேண்டும். அந்த அயல் நீங்கள்தானே! ஆகவே கொடியேறின பிறகு சண்டைக்குப் போகாமல், இரண்டு மூன்று கிழமைக்கு முன்பே பொலிஸ் பொறுப்பதிகாரிக்கு, மாமியின் கிளினிக் கொப்பியின் பிரதியோடு ஒரு கடிதம் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்குக் கையொப்பமும் எடுங்கள். பிரதி ஒன்று கோயில் நிர்வாகசபைக்கும் போகட்டும். முக்கால்வாசிப் பிரச்சினை அங்கேயே முடிந்துவிடும், ஏனென்றால் நிர்வாகசபையில் இருப்பவர் எப்படியும் உங்களுக்கு ஏதோ ஒரு வழியில் சொந்தமாகத்தான் இருப்பார்.

அதையும் மீறினால் அந்த நேரத்திலேயே பொலிஸ் அவசர இலக்கம் 119க்கு எடுங்கள். எடுத்ததும் முறைப்பாட்டு இலக்கத்தை வாங்குங்கள், "சொல்லிப்போட்டம்" என்பது நீதிமன்றத்தில் எடுபடாது. எச்சரித்தும் நிறுத்தாவிட்டால் பொலிஸ் கருவிகளை எடுத்து நீதிமன்றத்தில் ஒப்படைக்கவேண்டும் என்பதும் அதே தீர்ப்பில் இருக்கிறது.

லொறிக்கு வேறு வழி. இறக்கும் நேரத்தை விதிக்கச் சொல்லி உள்ளூராட்சிச் சபைக்கு எழுத்தில் கேளுங்கள், தனியாக இல்லை, ஒழுங்கையில் ஆறேழு வீட்டார் கையொப்பத்தோடு, ஏனென்றால் ஒரு வீட்டுக்கு மட்டும் உள்ள தொல்லையை "பொது" என்று காட்டுவது கஷ்டம். 1996ஆம் ஆண்டின் ஒலிக் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகளின்படி மாநகர, நகரசபை எல்லைக்குள் சத்தம் பகலில் 63 டெசிபலையும் இரவில் 50ஐயும் தாண்டக்கூடாது, அதிலும் இரவு என்பது மாலை 6 மணிக்கே தொடங்கிவிடும். போன் ஆப்பில் அளந்ததைச் சாட்சியாக நம்பாதீர்கள், சுற்றாடல் அதிகாரசபைக்கு முறையிட்டு அளக்கக் கேளுங்கள். சபை அசையாவிட்டால் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை 98ஆம் பிரிவின்கீழ் நீதவானிடம் போகலாம். தொல்லையை நீக்கு, இல்லாவிட்டால் வந்து காரணம் சொல் என்று அவர் நிபந்தனைக் கட்டளை போடலாம்.

கேற்றை மறிக்கிற ஆட்டோ சின்ன விஷயம்போல இருக்கும், ஆனால் இருதய நோயாளி இருக்கிற வீட்டுக்கு அதுதான் பெரிசு. ஆட்டோ இலக்கம் தெரிகிற மாதிரி, திகதி நேரத்தோடு படம் எடுத்துப் போக்குவரத்துப் பொலிஸில் கொடுங்கள். டயரில் காற்றைத் திறந்துவிட்டு என்னிடம் வந்தவர்களும் உண்டு, அவர்களுக்கு நான் பேசவேண்டியிருந்தது குற்றம் சாட்டப்பட்டவர் தரப்பில்!

ஒரு கொப்பி வாங்கி இன்றிரவே எழுதத் தொடங்குங்கள்: திகதி, நேரம், என்ன சத்தம், யாருக்குச் சொன்னீர்கள். சட்டத்தரணிக்குக் கொடுக்கக் காசு இல்லையென்றால் அதே கொப்பியோடு சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போகலாம்.