உலகம் கனவு என்று சங்கரர் சொன்னாரா?

கேள்வி: பிரம்மம் மட்டுமே உண்மை, உலகம் வெறும் கனவு என்று சங்கரர் சொல்லிவிட்டார். பிறகு கர்மம், பூஜை, கடமை எல்லாம் எதற்கு? ராமானுஜரும் சைவ சித்தாந்திகளும் இதையேதானே வேறு பெயரில் சொல்கிறார்கள்?

பதில்: சங்கரர் சொன்னது அதுவல்ல. மற்றவர்கள் சொன்னது சங்கரர் சொன்னதும் அல்ல.

பிரம்மசூத்திரத்துக்கு அவர் எழுதிய உரையான பாஷ்யத்தில் 2.2.28, 2.2.29 இரண்டையும் படித்துப் பாருங்கள். வெளிப்பொருள் கிடையாது, எல்லாம் அறிவின் தோற்றமே என்ற பௌத்த விஞ்ஞானவாதிகளை அங்கேதான் மறுக்கிறார். தூணும் சுவரும் எதிரே தெரியும்போது இல்லை என்று எப்படிச் சொல்வது? கண்ட கனவு விழித்ததும் அடிபட்டுப் போகிறது; விழிப்பில் கண்ட தூண் அப்படி அடிபடுவதில்லை. இப்படி வாதாடியவர் தலையிலேயே அந்தக் கட்சியைக் கட்டுகிறீர்கள்!

2.1.14-இல் அவரே கனவை உவமை காட்டுகிறாரே என்பீர்கள். காட்டுகிறார்தான், ஆனால் வேறு காரியத்துக்கு. விழிக்கும்வரை கனவு செல்லுபடியாவது போல, ஆத்மஞானம் வரும்வரை உலக வழக்கும் வேத வழக்கும் செல்லுபடியாகும் என்கிறார். ஆகவே ஞானம் வராதவருக்குக் கடமையிலிருந்து விடுப்பு இல்லை. பாரமார்த்திக நிலைக்கு, அதாவது முடிவான உண்மை நிலைக்கு, உரிய முடிவை வியாவகாரிக நிலையில், அதாவது அன்றாட வழக்கு நிலையில், நின்றுகொண்டு பேசுவதுதான் கோளாறு. (கொடுக்கவேண்டிய கடன் மாயை என்பவர்கள், வரவேண்டிய கடனை அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை.)

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. சாந்தோக்கிய உபநிஷத்து 6.1.4-இல், மண்ணை அறிந்தால் மண்ணால் ஆனவை எல்லாம் அறியப்படும் என்று உத்தாலகர் மகன் சுவேதகேதுவுக்குச் சொல்கிறார். சங்கரர் வழியில், மண்ணை எடுத்துவிட்டால் குடம் என்று தனியாக ஒன்றும் மிஞ்சாது; குடம் பெயரளவே. அதில் தண்ணீர் மொள்ளலாம், அது வேறு விஷயம். ராமானுஜருக்கோ குடமும் மெய். ஒரே பொருள் நிலை மாறியிருக்கிறது, அவ்வளவுதான். உயிர்களும் சடமும் பிரம்மத்தின் உடல். நுட்பமாக இருந்த அந்த உடல் பருமையாக விரிவதே படைப்பு. மாறுவது உடல், உடையவனின் சொரூபம் அல்ல.

சித்தாந்தி உடனே குயவன் எங்கே என்று கேட்பார். மண் மாயை, அது முதற்காரணம். தண்டமும் சக்கரமும் சக்தி; துணைக்காரணம். குயவன் சிவன், நிமித்த காரணம். இறைவன் மண்ணாவதில்லை. இங்கே மாயை பொய்த்தோற்றம் அல்ல, அழியாத உள்பொருள். பதியாகிய இறைவனைப் போலவே பசுவாகிய உயிரும் பாசமாகிய தளையும் அநாதி. துவைதம் சொன்ன மத்வரோ இறைவன், உயிர், சடம் இவற்றுக்கிடையே உள்ள ஐவகை பேதமும் நிலையானவை என்று ஒரேயடியாக முடித்துவிட்டார்.

பெயர் மட்டுமே வேறு என்றால், பிரம்மசூத்திரத்துக்குத் தாம் எழுதிய ஸ்ரீபாஷ்யத்தில் ராமானுஜர், உலகத் தோற்றத்துக்குக் காரணம் என்று சங்கரர் வழியினர் சொல்லும் அவித்தைக்கு (அறியாமைக்கு) எதிராக ஏழு ஆட்சேபங்களை அடுக்கியிருக்க வேண்டியதில்லை. முதல் ஆட்சேபமே கடினமானது. அவித்தை யாரைப் பற்றி நிற்கிறது? பிரம்மத்தை என்றால், அறிவே வடிவானதில் அறியாமை எப்படி ஒட்டும்? ஜீவனை என்றால், ஜீவன் என்ற பிரிவே அவித்தையால் வந்ததாயிற்றே! சங்கரர் வழிவந்த அத்வைதிகளே இதில் ஒருமுகமாக இல்லை: பாமதி என்ற உரைநூலின் மரபினர் ஜீவன் என்பார்கள், விவரணம் என்ற உரைநூலின் மரபினர் பிரம்மம் என்பார்கள்.