எத்தனை 'முடிந்தது'!

கேள்வி: காவேரிப்பட்டணம் பக்கத்து மாந்தோப்புக் குத்தகைக்காரர்களை வைத்து நாவல் எழுதுகிறேன். படித்த நண்பர், 'எங்கு பார்த்தாலும் முடியும், முடிந்தது, முடியாது, குறையுங்கள்' என்கிறார். இயலாமைதான் நாவலின் கரு. அந்தச் சொல் திரும்பத் திரும்ப வருவது உத்தி ஆகாதா?
– வாசகர், கிருஷ்ணகிரி

பதில்: ஆகும், தெரிந்து செய்திருந்தால். நீங்கள் அனுப்பிய மூன்று அத்தியாயங்களில் அப்படித் தெரியவில்லை.

'பஸ்ஸை விட்டு இறங்கியதும் அவனால் மலைக்கோட்டையைப் பார்க்க முடிந்தது' என்கிறீர்கள். ஏன், அதுவரை கண்ணில் புரையா? ஏதோ தடை இருந்து, அதைத் தாண்டினால்தான் தமிழில் 'முடிந்தது'. இல்லையென்றால் 'பார்த்தான்' போதும். 'மாங்கூழின் மணத்தை உணர முடிந்தது' என்பதும் இதே கதைதான். ஃபேக்டரி பக்கம் போனால் மாங்கூழ் வாசம் தானாக மூக்கில் ஏறும், யாரும் முயற்சி செய்ய வேண்டியதில்லை. போதாக்குறைக்கு, 'அவன்' வந்தாலும் 'அவள்' வந்தாலும் 'அவர்கள்' வந்தாலும் வினை 'முடிந்தது' என்றே நிற்கும். பக்கம் முழுக்க ஒரே ஓசை.

பேச்சு விஷயம் வேறு. அங்கேதான் உங்கள் சரக்கு இருக்கிறது, நீங்கள் அதைத் தொடவே இல்லை. மண்டிக்காரர் 'இதுக்கு மேல முடியாது' என்றால் அவரிடம் பணம் இல்லை என்றா அர்த்தம்? தர மாட்டேன் என்று அர்த்தம். முன்பணம் வாங்கிய குத்தகைக்காரர் அவர் முகத்துக்கு நேரே 'முடியாது' என்பாரா? 'பெங்களூரா காய் இந்த விலைக்குக் கட்டுப்படி ஆவாதுங்க' என்று இழுப்பார். அவர் மனைவி காய்ச்சலில் படுத்தால் 'உடம்புக்கு முடியல' என்பார். உங்கள் நாவலிலோ மூன்று பேரும் 'என்னால் முடியாது' என்கிறார்கள். காய்ச்சல்காரம்மா 'என்னால் எழுந்திருக்க முடியாது' என்பதைப் படித்தால் சாலை மறியலில் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது.

மூன்றாம் அத்தியாயக் கடைசியில் குத்தகைக்காரரின் மகள் மண்டிக்காரரைப் பார்த்து 'முடியாது' என்கிறாள், ஒரு 'ங்க' கூட ஒட்டாமல். அருமையான இடம். அப்பா வாயில் வந்திருக்கவே கூடாத சொல் அது. ஆனால் அதற்குள் அந்தச் சொல்லைக் கேட்டுக் கேட்டுக் காது மரத்துவிட்டதால் அதைத் தாண்டிப் போய்விட்டு, திரும்பி வந்து படித்தேன்.

அவளுக்கு முன்னால் கதை சொல்பவர் போடும் 'முடிந்தது'களை வெட்டிவிட்டு மீதி அத்தியாயங்களை அனுப்புங்கள். அப்புறம், எல்லாவற்றையும் 'இயன்றது' என்று மாற்றி அனுப்பிவிடாதீர்கள்!