பதில்: போரூரில் மட்டும் கடற்காற்று ஏன் தாமதமாக வருகிறது?

வீட்டு வாசல் பார்க்கும் திசைதான் காரணமா என்று கேட்டிருந்தீர்கள்; அது காரணமில்லை. கடற்கரையை ஒட்டிய பெசன்ட் நகரில் மதியமே வீசும் காற்று, கரையிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் போரூரில் உங்கள் மாடிக்கு மாலையில்தான் வருகிறது என்றால், ஜூன் மாத மேல்காற்று (மேற்கிலிருந்து வீசும் காற்று) அதை மறிக்கிறது என்றுதான் நினைக்கிறேன்.

வெயிலில் தரை சீக்கிரம் சூடாகும், கடல் ஆகாது. தரைமேல் உள்ள காற்று லேசாகி எழும்ப, கடல் பக்கத்துக் காற்று உள்ளே நுழையும். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் மேற்கிலிருந்து பலமான எதிர்க்காற்று இருப்பதால் கடற்காற்று மெதுவாகத்தான் முன்னேறும். சில நாள் கரையைத் தாண்டவே தாண்டாது. சென்னை 40 டிகிரியைத் தொடுவது பெரும்பாலும் அப்படிப்பட்ட நாளில்தான்.

மொட்டைமாடிக் கொடிக்கம்பியில் ஒரு மெல்லிய துணி நாடாவைக் கட்டிப் பாருங்கள். கிழக்கே பறந்தால் மேல்காற்று. அது துவண்டு, அப்புறம் மேற்கே திரும்பி, உடம்பும் பிசுபிசுத்தால் கடற்காற்று வந்துவிட்டது. அதே நேரம் நுங்கம்பாக்கம், மீனம்பாக்கம் வானிலை நிலையங்களின் வெப்பநிலையையும் பாருங்கள். கரைக்குப் பக்கமான நுங்கம்பாக்கத்தில்தான் பொதுவாக முதலில் இறங்கும்.

ஒரு எச்சரிக்கை: மேகமூட்டமான நாளில் இந்தச் சோதனை சரிவராது. மேற்கே இடி இடித்து, சட்டென்று குளிர்காற்று அடித்தால் அது மழைமேகத்திலிருந்து இறங்கும் காற்று. கடற்காற்று என்று குறித்துக்கொள்ளாதீர்கள்.