கஞ்சி போட்ட கை

கேள்வி: எனக்கு 22 வயது. படிப்பு முடித்து வேலை தேடுகிறேன். ஒன்பது வருடமாகக் கராத்தே பயில்கிறேன். கூச்சமும் கோபமும் போய் ஆளே மாறிவிட்டேன். அடுத்த மாதம் பிளாக் பெல்ட் டெஸ்ட். அம்மா அண்டியாபீஸ் (முந்திரிக்கொட்டை உடைக்கும் தொழிற்சாலை) வேலைக்குப் போகிறார். உடுப்பைத் துவைத்து, கஞ்சி போட்டு, தேய்த்துத் தருவதெல்லாம் அவர்தான். டெஸ்ட் ஃபீஸ் கேட்டால் மட்டும், "இதுனால என்ன பிரயோஜனம் மக்களே?" என்கிறார். என் வளர்ச்சியை அவருக்கு எப்படிப் புரியவைப்பது?
(நான்கு பக்கக் கடிதத்தின் சுருக்கம்)
- பெயர் வேண்டாம், கருங்கல்

பதில்: அம்மாவுக்குப் புரியவைப்பது இருக்கட்டும் தம்பி. 'துவைத்து, கஞ்சி போட்டு' என்று போகிற போக்கில் எழுதிவிட்டாய். நான் அங்கேயே நின்றுவிட்டேன்.

அண்டி உடைக்கிற பெண்களின் கையை நான் பக்கத்தில் பார்த்திருக்கிறேன். தோட்டில் கசியும் எண்ணெய் தோலைப் பொசுக்கிவிடும். விரலில் ஏறிய கறுப்பு சோப்புக்கு அசையாது. தோல் உரிந்த இடத்தில் புளித்தண்ணீர் பட்டாலே எரியும். அந்தக் கையில்தான் உன் உடுப்பு வெளுக்கிறது. கட்டித் துணி, நனைந்தால் என்ன கனம் கனக்கும்! குத்தும்போது சட்டைக்கை 'படார்' என்று கேட்க அதற்குக் கஞ்சி வேறு.

கிளாஸில் குனிந்து வணங்குவாய், மாஸ்டர் சொன்னால் ஹாலையே கூட்டித் துடைப்பாய். வீட்டுக்கு வந்தால் உடுப்பு மூலையில் கிடக்கும். இதற்குப் பெயர் பணிவா?

கராத்தேயை டோக்கியோவில் பரப்பிய ஃபுனகோஷி கிச்சின், 1922-இல் அங்கே போனபோது ஐம்பது தாண்டிய பள்ளிக்கூட வாத்தியார். தன் சொந்தத் தீவான ஒக்கினாவாவிலிருந்து வந்த மாணவர்களின் விடுதியில் காவல் காத்து, தோட்டம் பார்த்து, பையன்களின் அறையைப் பெருக்கிப் பிழைத்தார். மரியாதையில் தொடங்கி மரியாதையில் முடிவது கராத்தே என்று சொன்னவரும் அவரே. உனக்கோ சொந்தச் சட்டையை அலச ஆள் வேண்டும்.

கோபம் போய்விட்டதாம். அம்மா கேட்ட ஒரு கேள்விக்கு நாலு பக்கம் எழுதியிருக்கிறாயே, அது என்ன?

வளர்ந்த பிள்ளை, உழைக்கிற தாயிடம் ஃபீஸ் கேட்பதே தப்பு. பழைய புத்தி என்றால் இருந்துவிட்டுப் போகட்டும். பிளாக் பெல்ட்டின் முதல் படியான ஷோடானுக்குத் தொடக்கப் படி என்றுதான் அர்த்தம். அது அடுத்த வருடமும் இருக்கும். வேலை கிடைக்கும்வரை ரப்பர் பால்வெட்டுப் பழகு. விடியுமுன் தொடங்குகிற வேலை, சாயங்கால கிளாஸுக்கு இடைஞ்சல் இல்லை. அந்தக் காசில் டெஸ்டுக்குப் போ.

அப்புறம், இன்று ராத்திரியே வாளியை எடு. கஞ்சி வேண்டாம், சட்டை சத்தம் போடாததற்கு யாரும் மார்க் குறைக்கமாட்டார்கள். பக்கத்தில் அம்மாவின் வேலைச் சேலை ஊறிக்கொண்டிருக்கும். அதையும் சேர்த்து அலசிப் போடு.