சென்னையில் ஆறாம் வகுப்புக்கு மகளை கார்ப்பரேஷன் பள்ளியில் சேர்ப்பதா, தனியார் பள்ளியிலா?

உங்கள் மகள் படிக்கும் தனியார் பள்ளி ஐந்தாம் வகுப்போடு முடிகிறது. நடக்கும் தூரத்தில் ஒரு கார்ப்பரேஷன் மேல்நிலைப் பள்ளி, வேனில் போகும் தூரத்தில் ஒரு மெட்ரிக் பள்ளி, எது என்று கேட்டிருக்கிறீர்கள். என் மகளும் அப்படி ஒரு தனியார் பள்ளியிலிருந்து வந்தவள்தான். இப்போது வடசென்னையில் ஒரு கார்ப்பரேஷன் பள்ளியில் ஒன்பதாவது படிக்கிறாள். அதனால் என் பேச்சு அந்தப் பக்கம் கொஞ்சம் சாயும், கழித்துக்கொண்டு படியுங்கள்.

எல்.கே.ஜி.க்குப் பள்ளி தேடுவதும் ஆறாம் வகுப்புக்குத் தேடுவதும் வேறு வேறு. தமிழ்நாட்டில் பல சலுகைகளுக்கு ஆறாம் வகுப்பிலிருந்துதான் கணக்கு ஆரம்பிக்கிறது. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு 2020-இல் வந்தது. 2021-இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் போன்ற படிப்புகளுக்கும் அதைக் கொண்டுவந்தார்கள். இதற்கு ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும். கார்ப்பரேஷன் பள்ளியும் அதில் சேர்த்திதான். ஆறாவதை தனியாரில் முடித்துவிட்டு ஏழாவதில் மனம் மாறி வந்தால் போச்சு. கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடத்தில் தனியார் பள்ளியில் எட்டாவது வரை படித்து, ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வருபவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும் 2022-இல் ஆரம்பித்தபோது இதே ஆறு முதல் பன்னிரண்டு கணக்கில்தான் வந்தது.

இதை மட்டும் நம்பிச் சேர்க்கச் சொல்லவில்லை. நீட் எழுதித் தேறியவர்களுக்குத்தான் அந்த மருத்துவ இடம். பதினோரு வயதுப் பெண் பிற்காலத்தில் என்ன படிப்பாள் என்று யாருக்குத் தெரியும்? ஆனால் மெட்ரிக்கில் பணம் கட்டும்போது இதையும் சேர்த்து விட்டுக்கொடுக்கிறோம் என்பது தெரிந்திருக்கட்டும்.

இங்கே பலர் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. சென்னையில் நல்ல பெயரெடுத்த பழைய பள்ளிகள் பல, அரசு உதவி பெறும் பள்ளிகள். ஆசிரியர் சம்பளத்தை அரசு தருவதால் அதுவும் அரசுப் பள்ளிதானே என்று நினைத்துவிடுகிறார்கள். 7.5-இல் அவை வராது. அங்கேயே ஆங்கில வழிப் பிரிவு பெரும்பாலும் சுயநிதியில் நடக்கும், ஃபீஸ் கட்ட வேண்டியிருக்கும். புதுமைப் பெண் திட்டத்தில் மட்டும் உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களைப் பிறகு சேர்த்துக்கொண்டார்கள்.

சரி, படிப்பு எப்படி? ‘அரசுப் பள்ளி’, ‘தனியார் பள்ளி’ என்று பொதுவாகப் பேசுவதில் பயனில்லை. ஒரே மண்டலத்தில் இரண்டு கார்ப்பரேஷன் பள்ளிகளுக்கு நடுவே மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் இருக்கிறது. வேலை நாளில் நேரில் போய்ப் பாருங்கள். ஹெச்.எம்.மிடம் ஆறு முதல் எட்டு வரை கணக்கு, அறிவியல், ஆங்கிலம் எடுப்பது யார், காலிப் பணியிடம் இருக்கிறதா என்று கேளுங்கள். இந்த வகுப்புகளில் 35 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்கிறது சட்டம். நடப்பில் ஒரு வகுப்பில் எத்தனை பேர் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். கழிவறையை மதியத்துக்கு மேல் பாருங்கள், காலையில் எல்லா இடத்திலும் சுத்தமாகத்தான் இருக்கும். முடிந்தால் எட்டாவது படிக்கும் பிள்ளை ஒன்றின் கணக்கு நோட்டை வாங்கிப் புரட்டுங்கள். எட்டு வரை எல்லோரும் பாஸ் என்பதால் ரிப்போர்ட் கார்டு ஒன்றும் சொல்லாது, நோட்டு சொல்லிவிடும். மெட்ரிக் பள்ளிக்கும் இதே சோதனைதான். அங்கே கூடுதலாக, போன வருடம் இருந்த ஆசிரியர்களில் எத்தனை பேர் இப்போதும் இருக்கிறார்கள் என்று விசாரியுங்கள்.

அருகில் இருப்பது மேல்நிலைப் பள்ளி என்பது உங்களுக்கு நல்லது. நடுநிலைப் பள்ளி என்றால் எட்டாவதோடு முடிந்து, மறுபடி இந்த அலைச்சல்.

எங்கள் கதைக்கு வருகிறேன். மகள் சேர்ந்த வருடம் கணக்கு டீச்சர் மாறுதலில் போய், அந்த இடம் மாதக்கணக்கில் காலியாகவே கிடந்தது. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் அம்மாக்கள் சிலர் விடாமல் கேட்ட பிறகுதான் தற்காலிகமாக ஒருவர் வந்தார். ஆங்கிலம் பேசுவது குறைந்துபோனது. வகுப்பில் பேச ஆள் இல்லை. பாடப்புத்தகம் என்னவோ ஆங்கில வழியில் மெட்ரிக் பிள்ளைகளுக்கும் இவளுக்கும் ஒரே சமச்சீர் புத்தகம்தான். அப்போது நாங்கள் விசாரித்த மெட்ரிக் பள்ளியில் வேன் உட்பட வருடத்துக்கு 60,000-க்கு மேல் கேட்டிருந்தார்கள். அதில் ஒரு பங்கு இப்போது ட்யூஷனுக்கும் ஆங்கிலப் புத்தகங்களுக்கும் போகிறது. புத்தகம், சீருடை, சத்துணவு எல்லாம் கொடுக்கிறார்களே, செலவே இருக்காது என்று நினைத்துப் போகாதீர்கள். மாலையில் கூட உட்கார்ந்து நோட்டைப் பார்க்க வீட்டில் ஓர் ஆள் வேண்டும். எங்கள் வீட்டில் அது நான்.

நல்லதும் நிறைய. எட்டாவதில் என்.எம்.எம்.எஸ். என்ற மத்திய அரசு உதவித்தொகைத் தேர்வுக்கு அறிவியல் டீச்சர் மாலையில் நிறுத்திவைத்துச் சொல்லிக்கொடுத்தார். அதில் தேர்வானால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை வருடம் 12,000 ரூபாய். தனியார் பள்ளிப் பிள்ளைகள் எழுத முடியாது. மாமியார் மட்டும் இன்னும் சொந்தக்காரர்களிடம் பள்ளியின் பெயரைச் சொல்வதில்லை, ‘வீட்டுப் பக்கத்திலேயே படிக்கிறா’ என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

யாருக்குத் தனியார் சரி? ஊர் ஊராக மாற்றலாகும் வேலை என்றால் சி.பி.எஸ்.இ. வசதி. பெற்றோர் இருவரும் இரவு எட்டு மணிக்குத்தான் வீடு திரும்புகிறீர்கள், பக்கத்து அரசுப் பள்ளியிலும் ஆசிரியர் பற்றாக்குறை என்றால், நானே மெட்ரிக்கைத்தான் சொல்வேன். ஆனால் ஆறாம் வகுப்பிலேயே ஐ.ஐ.டி., நீட் ஃபவுண்டேஷன் என்று விளம்பரம் செய்யும் பள்ளிகளின் பக்கம் போகவேண்டாம். பின்னம் கூட்டத் தடுமாறும் வயதில் அது பெற்றோருக்கு விற்கப்படும் சரக்கு.

கார்ப்பரேஷன் பள்ளிதான் என்று முடிவானால், பழைய பள்ளியில் ஃபீஸ் பாக்கி வைக்காமல் டீசி வாங்கிவிடுங்கள். டீசி தாமதமாகிறது என்று எட்டாம் வகுப்பு வரை சேர்க்கையை மறுக்க முடியாது என்று கல்வி உரிமைச் சட்டமே சொல்கிறது. ஆனால் கல்வித் துறையின் ஆன்லைன் மாணவர் பதிவேடான எமிஸில், பழைய பள்ளி பிள்ளையின் பெயரை தன் கணக்கிலிருந்து ‘காமன் பூல்’ என்ற பொதுப் பட்டியலுக்கு விட்டால்தான் புதிய பள்ளி எடுத்துக்கொள்ள முடியும், அதைக் கேட்டு வாங்குங்கள். அப்புறம், தமிழ் வழியா ஆங்கில வழியா என்று சேர்க்கும்போதே கேட்பார்கள். அரசு வேலையில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கான 20 சதவீதத்தை மனதில் வைத்து இப்போது மாற்ற வேண்டாம். 2020 திருத்தத்துக்குப் பிறகு அதற்கு ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ் வழி வேண்டும். உங்கள் மகள் இதுவரை ஆங்கில வழி என்றால், அதிலேயே தொடரட்டும்.